1.04 மில்லிமீட்டர்

பெரியப்பாவிடம் ஒரு ஜெனித்-ஈ கேமரா இருந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னம் முன்பக்கத்தில் பொறித்த மாடல். கையில் தூக்கினால் கடப்பாரை கனம். "ரஷ்யாக்காரன் சரக்குடா, கீழ போட்டா தரைதான் உடையும்" என்பார். ஃபிலிம் கழுவிக் கொடுக்கும் கடைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு அது பீரோவுக்குள் போனது. 2010 வாக்கில் நான் நிக்கான் டி90 வாங்கிய செய்தி தெரிந்ததும், "அந்த லென்ஸ மட்டுமாவது உன் கேமராவுல மாட்டிப் பாரேன், கண்ணாடி நல்ல கண்ணாடி" என்று கையில் கொடுத்துவிட்டார். ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்/2.

மாட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டும், அதன் பெயர் அடாப்டர் என்று தெரிந்துகொண்டு ஆன்லைனில் ஒன்று தருவித்தேன். முந்நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். மாட்டியாயிற்று. மேஜை மேல் இருந்த டம்ளர் பிரமாதமாக வந்தது. பெண்ணின் முகம் இன்னும் பிரமாதம். பின்னால் இருந்த வேப்பமரத்தின் இலைகள் சுழன்று சுழன்று ஒரு சுழி போல நின்றன. (இந்த லென்ஸுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பது அந்தச் சுழிக்காகத்தான் என்று பிறகு தெரிந்தது.) ஆனால் மொட்டை மாடிக்குப் போய் எதிர் வீட்டைப் பார்த்தால் மங்கல். நிலா ஒரு வெள்ளைப் புகைப் பொட்டு. வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் சில அடிகளைத் தாண்டி எதுவும் தெளிவாகவில்லை.

பெரியப்பாவிடம் "லென்ஸ் போயிடுச்சு பெரியப்பா, பூஞ்சை பிடிச்சிருக்கும் போல" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுடையது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. கண்டுபிடித்த கதையோடு, அதற்குப் பின்னால் இருக்கும் கொஞ்சம் சரித்திரத்தையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய லென்ஸை மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிடுவோம். லென்ஸ் வந்து உட்காரும் உலோக விளிம்பிலிருந்து ஃபிலிம் (அல்லது சென்சர்) வரை உள்ள தூரம். ஃபிளான்ஜ் தூரம் என்பார்கள். வெகு தொலைவில் இருக்கும் பொருளின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் விழும். அந்த இடத்தில் ஃபிலிம் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கம்பெனியும் இந்தத் தூரத்தை ஒருமுறை முடிவு செய்து, பிறகு எல்லா கேமராவிலும் எல்லா லென்ஸிலும் அதைக் கட்டிக் காப்பாற்றுகிறது. ஜெனித்தின் எம்42 மரைக்கு அது 45.46 மி.மீ. நிக்கானின் எஃப் மவுண்ட்டுக்கு 46.5 மி.மீ.

கழித்துப் பாருங்கள். 1.04.

அதாவது நிக்கான் உடலில் மாட்டிய என் ஹீலியோஸ், இருக்க வேண்டிய இடத்தைவிட 1.04 மி.மீ. முன்னால் தள்ளி நின்றது. வளையத்தின் தடிமன் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டாலே இந்தக் கதி. பள்ளிக்கூட லென்ஸ் சூத்திரத்தில் போட்டால், 58-ஐ 58-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 3.2 மீட்டர் வரும். அதற்கு அப்பால் இருக்கும் உலகம் அந்த ஜோடிக்குக் கிடையாது. நிஜ வளையத்துக்குக் கொஞ்சம் தடிமனும் இருந்ததால் எனக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. அடாப்டரால் தூரத்தைக் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. நடுவில் ஒரு திருத்தும் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. விலை குறைந்தவை படத்தைக் கெடுக்கும் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, ஏன் ஆளுக்கு ஒரு எண் என்று தேட ஆரம்பித்ததுதான் என்னை வேறெங்கோ கொண்டுபோய்விட்டது.

35 மி.மீ. கேமராவில் கழற்றி மாட்டும் லென்ஸ் என்பதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது லைகா. 1930-இல் வந்த மாடலில் லென்ஸைக் கழற்றலாம், ஆனால் ஒவ்வொரு லென்ஸும் அதற்கென்று இழைத்துச் சரிசெய்த ஒரே ஒரு உடலுக்குத்தான் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் லைகாவின் லென்ஸ் உங்கள் லைகாவுக்கு ஆகாது. என் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன்: ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும் புரோகிராம். அடுத்த வருஷமே, 1931-இல், தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைநிறுத்தினார்கள். அப்படிச் சீரான உடல்களில் மவுண்ட் விளிம்பில் '0' என்று சின்னதாகப் பொறித்திருப்பார்கள். எந்த லென்ஸும் எந்த உடலுக்கும் என்ற வாக்குறுதி அந்தச் சின்னப் பூஜ்ஜியத்தில் இருக்கிறது.

லைகாக்காரர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1954-இல் எம்3 வந்தபோது மரை போய், திருகிப் பூட்டும் பயோனெட் வந்தது. புதிய தூரம் 27.8 மி.மீ. பழையதைவிடச் சரியாக 1 மி.மீ. குறைவு. ஏன்? அந்த 1 மி.மீ. இடத்தில் ஒரு மெல்லிய வளையத்தை வைத்தால் பழைய மரை லென்ஸ் அத்தனையும் புதுக் கேமராவில் வேலை செய்யும். புது டிசைன் போடும்போதே பழைய வாடிக்கையாளரை நினைத்து ஒரு மில்லிமீட்டரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பு முறியாமல் புதிய பதிப்பு விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவன் என்ற முறையில், இதற்கு ஒரு கும்பிடு.

எம்42-இன் கதை இவ்வளவு நாகரிகமானது இல்லை. அது டிரெஸ்டனில் பிறந்தது.

ஜெர்மனியின் கேமராத் தொழிலுக்கு டிரெஸ்டன் ஒரு தலைநகரம். சைஸ் ஐகான், எக்ஸாக்டா செய்த இஹாகே, அப்புறம் நீடர்செட்லிட்ஸ் பகுதியில் கே.டபிள்யூ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு கேமராப் பட்டறை. கே.டபிள்யூ.வை 1919-இல் தொடங்கியவர்கள் பால் குத்தே, பென்னோ டோர்ஷ் என்ற இருவர். நாஜிகள் வந்த பிறகு அந்த நாட்டில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. குத்தே நாட்டை விட்டுப் போனார். டோர்ஷ் 1938-இல் விநோதமான ஒரு பண்டமாற்று செய்தார்: அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஃபோட்டோ கழுவும் தொழில் நடத்திவந்த, ஜெர்மன் வம்சாவளி அமெரிக்கரான சார்லஸ் நோபிளிடம் டிரெஸ்டன் கம்பெனியைக் கொடுத்து, அவருடைய தொழிலைத் தான் எடுத்துக்கொண்டு அமெரிக்கா போய்விட்டார். நோபிள் குடும்பம் டிரெஸ்டனுக்கு வந்தது. அடுத்த வருஷம் பிராக்டிஃப்ளெக்ஸ் என்ற ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தது 40 மி.மீ. மரை. நம் 42-க்கு முன்னோடி.

பிறகு போர். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் டிரெஸ்டனின் நடுப்பகுதி எரிந்து போனது. சோவியத் படை வந்தது. சார்லஸ் நோபிளையும் மகன் ஜானையும் கைது செய்தார்கள். தொழிற்சாலை அரசுடைமை ஆனது. ஜான் நோபிளுக்கு அப்போது 22 வயதுகூட இல்லை. டெட்ராய்ட்டில் பிறந்த அமெரிக்கப் பிரஜை. சோவியத் ராணுவம் சிறைமுகாமாக வைத்திருந்த புக்கன்வால்டில் கிடந்து, 1950-இல் வோர்குட்டாவுக்கு அனுப்பப்பட்டார். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, நிலக்கரிச் சுரங்க முகாம். விடுதலை ஆனது 1955 ஜனவரியில்.

அவர் சிறையில் இருந்த அந்த இடைவெளியில்தான், 1949-இல், அவருடைய அப்பாவிடமிருந்து பறிக்கப்பட்ட தொழிற்சாலையிலிருந்து பிராக்டிகா வெளிவந்தது. அதே வருஷம், அதே ஊரில் சைஸ் ஐகானின் கான்டாக்ஸ்-எஸ். இரண்டிலும் ஒரே மரை: 42 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேற்றம்.

சைஸ் கதையும் இதே போலத்தான். யேனா நகரத்து லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து முக்கியமான விஞ்ஞானிகளை அமெரிக்க ராணுவம் மேற்கே கொண்டுபோனது. மிச்சமிருந்த இயந்திரங்களை சோவியத் யூனியன் போர் இழப்பீடாகக் கழற்றிக் கிழக்கே கொண்டுபோனது. கான்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டர் செய்யும் ஏற்பாடு கீயவ் நகரத்துக்குப் போய் 'கீவ்' கேமரா ஆனது. யேனாவின் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸின் வடிவமைப்பை வைத்து சோவியத்தில் செய்ததுதான் ஹீலியோஸ் 44. பெரியப்பாவின் "ரஷ்யாக்காரன் சரக்கு" அசலில் ஜெர்மன்காரன் சரக்கு!

பெயருக்கும் சண்டை நடந்தது. மேற்கு ஜெர்மனியில் புதிதாக எழுந்த சைஸ் ஐகான் 'கான்டாக்ஸ்' என்ற பெயர் தங்களுடையது என்றது. கிழக்கில் இருந்தவர்கள் ஏற்றுமதிக்கு வேறு பெயர் தேடினார்கள். பென்டாப்ரிஸம், கான்டாக்ஸ் இரண்டையும் ஒட்டி 'பென்டகான்' என்று ஒன்று. அதே இரண்டு சொல்லை வேறு மாதிரி ஒட்டி 'பென்டாக்ஸ்' என்றும் ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அது பிறகு ஜப்பானின் அசாஹி ஆப்டிக்கல் கம்பெனிக்குப் போனது. 1957-இல் அசாஹி பென்டாக்ஸ் வந்தபோது பெயர் மட்டுமா டிரெஸ்டனிலிருந்து வந்தது? மரையும்தான்.

அங்கிருந்து எம்42 பரவிய வேகம் ஆச்சரியம். யாஷிகா, ரிக்கோ, சினான், கொசினா, மாமியா, ஃபியூஜி. சோவியத்தின் ஜெனித்கூட 1960-களின் பிற்பகுதியில் தன் பழைய 39 மி.மீ. மரையை விட்டுவிட்டு இதற்கு வந்தது. காரணம் எளிமை. லேத் வைத்திருக்கிற யாரும் இந்த மரையை வெட்டலாம். அளவுகள் ஊருக்கே தெரியும். பனிப்போரின் இரண்டு பக்கமும் ஒரே திருகில் சேர்ந்திருந்த விஷயங்கள் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

எளிமையே அதன் எமனும் ஆனது. திருகு என்றால் எங்கே போய் நிற்கும் என்று டிகிரி சுத்தமாகச் சொல்ல முடியாது. லென்ஸ் இப்போது எந்த அப்பர்ச்சரில் இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரிவிக்க, நெம்புகோல் ஒன்று ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் வந்து உட்கார வேண்டும். மரையில் அது தொல்லை. பென்டாக்ஸ் 1975-இல் கே மவுண்ட் என்ற பயோனெட்டுக்கு மாறியது. ஆனால் பாருங்கள், தூரத்தை அதே 45.46 ஆகவே வைத்துக்கொண்டார்கள். வாயை மட்டும் அகலமாக்கினார்கள். உள்ளே ஒரு வளையம் வைத்தால் பழைய லென்ஸ் நிலா வரைக்கும் தெளிவாகப் பார்க்கும். லைகா செய்த மரியாதையை இன்னொரு வழியில் இவர்களும் செய்தார்கள்.

கேனான் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதற்கு அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 1987 மார்ச்சில் இஓஎஸ் 650 வந்தது, கூடவே இஎஃப் மவுண்ட். 54 மி.மீ. அகல வாய், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நெம்புகோல் எதுவும் கிடையாது, எல்லாமே மின்தொடர்பு, ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே. இன்று எல்லோரும் செய்வது அதைத்தான். ஆனால் தூரம் 44 மி.மீ. அதற்கு முந்தைய எஃப்டி லென்ஸ்களுக்கு 42 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அதுவும் தப்பான பக்கத்தில். 1971 முதல் எஃப்டி லென்ஸாகச் சேர்த்து வைத்த தொழில்முறை ஃபோட்டோகிராபர்களின் பைகள் ஒரே நாளில் முட்டுச்சந்தில் நின்றன. கண்ணாடி வைத்த ஒரு கன்வெர்ட்டரை கேனான் செய்தது உண்மை. குவியத் தூரத்தை 1.26 மடங்காக்கும், சில டெலிஃபோட்டோ லென்ஸ்களுக்கு மட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. நிக்கான் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, எம்42 45.46, லைகா ஆர் 47. எல்லாமே 44-ஐவிட அதிகம். ஆகவே மெல்லிய வளையம் போட்டால் இவை எல்லாம் கேனான் இஓஎஸ்ஸில் முடிவிலி வரை வேலை செய்யும். எதிரி நிக்கானின் லென்ஸ் பொருந்தும். சொந்தக் கேனான் எஃப்டி பொருந்தாது. சொந்தப் பிள்ளைக்குத்தான் வீட்டில் இடமில்லை. நான் டி90-க்குப் பதில் ஏதாவது ஒரு கேனான் டி.எஸ்.எல்.ஆர். வாங்கியிருந்தால் பெரியப்பாவிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நிக்கான் நேர் எதிர். 1959-இல் வைத்த எஃப் மவுண்ட்டை 2018 வரைக்கும் பிரதான மவுண்ட்டாக இழுத்துக்கொண்டே வந்தார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு: 44 மி.மீ. வாய், நீளமான தூரம், இடையில் ஏஐ என்றும் டி என்றும் ஜி என்றும் ஏகப்பட்ட உள்வகைகள். எந்த லென்ஸ் எந்த உடலில் எந்த அளவுக்கு வேலை செய்யும் என்று பார்க்கப் பெரிய அட்டவணை வேண்டும். 1977-க்கு முந்தைய லென்ஸைச் சில புதிய உடல்களில் திருகினால் உடலே சேதமாகும். பழசை விடாமல் இருபது வருஷம் வளர்த்த எந்த மென்பொருளைத் திறந்து பார்த்தாலும் இதே காட்சிதான்.

இத்தனை எண்களும் 40-க்கு மேலேயே இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது, ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே எழும்ப வேண்டும். அது ஆட இடம் வேண்டும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால்?

2008 ஆகஸ்டில் ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட்டை அறிவித்தார்கள். தூரம் 19.25 மி.மீ. அந்த வருஷமே பானசோனிக் ஜி1 வந்தது. 2010-இல் சோனியின் நெக்ஸ், 18 மி.மீ. 2012-இல் ஃபியூஜி எக்ஸ், 17.7. இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. 42-இல் நின்ற கேனான் எஃப்டியோ, 43.5-இல் நின்ற மினோல்ட்டாவோ, 27.8-இல் நின்ற லைகாவோ, எல்லாமே புதிய எண்ணைவிடப் பெரியவை. நடுவே இருக்கும் காலி இடத்தில் ஒரு வெற்றுக் குழாயை வைத்தால் போதும். கண்ணாடியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 1987-இல் அனாதையான எஃப்டி லென்ஸ்களுக்கு இருபது வருஷம் கழித்து வீடு கிடைத்தது.

ஆனால் அந்தக் கேமராக்களின் சென்சர் சின்னது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 58 மி.மீ. லென்ஸ் பார்ப்பது 116 மி.மீ. லென்ஸின் பார்வைதான், ஹீலியோஸின் சுழி இருக்கும் ஓரப் பகுதி படத்துக்கே வராது. 2013 அக்டோபரில் சோனி ஏ7 அறிவிக்கப்பட்டபோதுதான், பழைய ஃபிலிம் அளவிலேயே, 36-க்கு 24 மி.மீ. சென்சரோடு மிரர்லெஸ் சாதாரணமானவர் எட்டிப் பார்க்கும் விலைக்கு வந்தது. அதே 2013-இல் மெட்டாபோன்ஸ் கம்பெனி 'ஸ்பீட் பூஸ்டர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. காலி இடத்தில் வெறும் காற்றுக்குப் பதில் பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்கும் கண்ணாடிகள். சின்ன சென்சரில் இழந்த ஓரத்தில் பெரும்பகுதி திரும்ப வரும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும். அடாப்டரில் கண்ணாடி இருந்தாலே படம் கெடும் என்று மேலே சொன்னேன் இல்லையா, இது அதற்கு விதிவிலக்கு.

2018-இல் நிக்கான் இசட் (16 மி.மீ.), கேனான் ஆர்எஃப் (20 மி.மீ.), லைகா-பானசோனிக்-சிக்மா கூட்டணியின் எல் மவுண்ட் (இதுவும் 20) என்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் டி90 ஓய்வு கேட்டபோது நான் உட்கார்ந்தது இந்த எண்களின் முன்னால்தான்.

எண்ணை மட்டும் பார்த்தால் நிக்கான் இசட் ஜெயிக்கிறது. 16 மி.மீ. என்பது அவ்வளவு குறைவு, 2 மி.மீ. தடிமனில் அடாப்டர் செய்து சோனி லென்ஸையே ஆட்டோஃபோகஸோடு அதில் மாட்டுகிறார்கள், மறுபக்கம் முடியாது. என்னிடம் நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸும் இருந்தது. ஆனால் அதை ஃபோகஸ் செய்யும் மோட்டார் டி90-இன் உடலுக்குள் இருந்தது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. ஆக, அதையும் கையால்தான் திருப்ப வேண்டும். நிக்கானில் தங்குவதற்கான காரணம் பாதி போயிற்று.

கேனானில் இஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆர்எஃப்-தான் சரி, யோசிக்கவே வேண்டாம். 24 மி.மீ. குழாய், இரண்டு பக்கமும் அதே கம்பெனி, பேசும் மொழியும் கிட்டத்தட்ட ஒன்று. புதிய உடலில் பழைய லென்ஸ் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. 1987-இன் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் போல. என்னிடம் இஎஃப் ஒன்றும் இல்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறு. இன்றைய மவுண்ட் என்பது உலோக வளையம் மட்டும் கிடையாது, அந்தப் பத்துப் பன்னிரண்டு தங்க நிற முனைகளில் ஓடும் உரையாடலும்தான். மரையை வெர்னியர் வைத்து அளக்கலாம். உரையாடலை அளக்க முடியாது, ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். உரிமையாளர் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டில் வார்த்தையை மாற்றினால் போச்சு. சோனி தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011 ஏப்ரல் முதல், ஒப்பந்தம் போட்டுக்கொள்கிற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் தருவதாக அறிவித்தது. கேனான் பக்கம், 2022-இல் வில்ட்ராக்ஸ் என்ற சீனக் கம்பெனி ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விற்பதை நிறுத்தியது, காப்புரிமைப் பிரச்சினை. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்றுச் சின்ன சென்சருக்கான ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தார்கள். தன் சொத்தைக் காப்பது கேனானின் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் டிரெஸ்டன் மரையைப் பற்றிப் படித்த கையோடு இதைப் படித்ததால், என் கை இ மவுண்ட் பக்கம் போனது. பழைய சோனி ஏ7-II ஒன்றை இரண்டாம் கையில் வாங்கினேன். உடலுக்குள்ளேயே நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருப்பதால் பழைய லென்ஸுக்கும் அது கிடைக்கும். மெனுவில் 58 என்று குவியத் தூரத்தை நாமே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதையும் இயக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸே இல்லை என்று கேமரா அடம்பிடிக்கும்.

எம்42-இலிருந்து சோனி இ-க்கு வளையம் 27.46 மி.மீ. இருக்க வேண்டும். வாங்கும்போது மூன்று விஷயங்களில் நான் தடுமாறினேன், நீங்கள் தடுமாற வேண்டாம். மரை ஒன்றுபோல இருந்தால் லென்ஸ் பொருந்தும் என்று அர்த்தமில்லை: பழைய ஜெனித்தின் 39 மி.மீ. மரையும் லைகாவின் 39 மி.மீ. மரையும் ஒன்றில் ஒன்று ஏறும், ஆனால் ஒன்றின் தூரம் 45.2, மற்றதன் தூரம் 28.8. டெலஸ்கோப்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் டி மவுண்ட்டும் 42 மி.மீ.தான், ஆனால் சுற்றுக்கு 0.75 மி.மீ.; அதில் எம்42 லென்ஸைத் திருகினால் ஒரு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும், பலவந்தம் செய்தால் மரை போய்விடும். மூன்றாவது, லென்ஸின் பின்னால் ஒரு சின்ன ஊசி இருந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அப்பர்ச்சர் வளையம் சும்மா சுற்றும், இதழ்கள் அசையாது. ஹீலியோஸ் 44-2-இல் அந்த ஊசியே கிடையாது, எனக்குத் தப்பித்தது.

முதல் நாள் இரவே மொட்டை மாடிக்குப் போனேன். நிலா வந்தது. ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறிக்குக் கொண்டுபோனால் மங்கல், மயிரிழை முன்னாலேயே நிறுத்தினால் ஊசி முனை. இந்த முறை லென்ஸைக் குற்றம் சொல்லவில்லை. அடாப்டரைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரில் ஐந்து இடத்தில் அளந்தேன்: 27.36. விலை குறைந்த அடாப்டர்களை வேண்டுமென்றே இப்படிக் கொஞ்சம் ஒல்லியாகச் செய்வார்கள். முடிவிலி எட்டவில்லை என்றால்தான் சாமான் திரும்பி வரும், தாண்டினால் யாரும் கவனிப்பதில்லை.

0.1 மி.மீ. தடிமனுக்கு என்ன கிடைக்கும் என்று வீடு முழுக்கத் தேடினேன். காலேஜில் செமினார் எடுத்த காலத்து ஓ.எச்.பி. ஷீட் ஒரு கட்டு பழைய ஃபைலில் இருந்தது. 100 மைக்ரான். அதில் வளையமாக ஒன்றை வெட்டி, அடாப்டரின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, நடுவே வைத்து முடுக்கினேன். இப்போது குறி குறியாகவே நிற்கிறது.

பெரியப்பாவுக்கு 81 வயது. கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகப் பார்க்கிறார். நிலாப் படத்தை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். 58 மி.மீ. லென்ஸில் நிலா எவ்வளவு பெரிதாக வரும்? பெரிதாக வெட்டி எடுத்தும் ஒரு பட்டாணி அளவுதான். அதற்காகப் பக்கத்தில் எதிர் வீட்டு மாடியும், கொடியில் காயும் துணியும், ஆன்டெனாக் கம்பியும் சேர்த்தே எடுத்திருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பூஞ்சைன்னு சொன்னியேடா?"

"இல்ல பெரியப்பா. நான்தான் தப்பா மாட்டிட்டேன். ஒரு மில்லிமீட்டர்."

"ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து வருஷமா?" என்றார்.